இன்னொரு பிள்ளையின் கால் அளவு

குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் குளித்துவிட்டு ஏறுகிறவர்களின் ஈரத்தடத்தைப் பார்ப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். கல்லில் பதிந்த தடம் காய்வதற்குள் அரை நிமிடம் இருக்கும். குதிகால், வெளி விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை, முன்பாதம், ஐந்து விரல்கள். உள்பக்கம் மட்டும் நனையாமல் வளைந்து கிடக்கும். அந்த நனையாத இடம்தான் எனக்கு இல்லை. என் தடம் ஈரச் செங்கலைத் தூக்கி வைத்ததுபோல முழுசாக விழும். வயசாளிகள், பொடிப் பிள்ளைகள், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் என்று யார் ஏறினாலும் முகத்துக்கு முன் தடத்தைத்தான் பார்ப்பேன். உள்ளங்கால் குழி உள்ள தடமாக இருந்தால் எனக்குள் ஏதோ சுருங்கும். ஐம்பதை நெருங்கிய பிறகும் அது நிற்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் காவலர் தேர்வுக்குப் போயிருந்தேன். ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியாக உடல் பரிசோதனை. வாளித் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு சிமெண்டுத் தரையில் நிற்கச் சொன்னார்கள். பரிசோதித்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "தட்டைக் கால். அடுத்த ஆளு வா" என்றார். அந்த அடுத்த ஆள் என்னோடு பஸ்ஸில் வந்த என் கூட்டாளி. என்னைவிட மெதுவாக ஓடியவன். அவன் தடத்தில் குழி இருந்தது. இப்போதும் வண்ணார்பேட்டை சிக்னலில் அவனைச் சீருடையில் பார்த்தால் கையைத் தூக்குவான். நானும் தூக்குவேன். கண் அவன் பூட்ஸுக்குப் போய்விடும்.

பிறகு நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை கிடைத்தது. வயல், மனைகளின் எல்லை காட்டும் புலப்படங்களை அளவு மாற்றி வரைவது, தேய்ந்த கோடுகளைப் புதுப்பிப்பது. இப்போது எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. ஆனாலும் என் பையில் டிரேசிங் தாளும் பென்சிலும் அழிரப்பரும் பிளேடும், மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிற சின்ன வெர்னியரும் எப்போதும் கிடக்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம், அவள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு அவளோடு எப்போதும் மூன்று பிள்ளைகள் சேர்ந்து நடக்கும். அன்று மூன்று பேரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

"நீங்க போங்கட்டி, நான் பைய வாரேன்" என்று கத்தினாள்.

அவர்கள் ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுடைய கால்கள் மேல் வந்தது. வெள்ளை சாக்ஸ் போட்ட ஆறு கால்கள், ஒன்றையும் யோசிக்காமல் நடந்து போயின.

வீட்டில் சொன்னேன். என் மனைவி மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கண்ணு எங்க அம்மா மாதிரி, மூக்கு என்னைய மாதிரி. கால் மட்டும் உங்களுது. வேற எதாச்சும் குடுத்திருக்கக் கூடாதா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் என் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனோம். என் வயதுள்ள பெண்மணி. மகளைக் கால்விரல்களில் எம்பி நிற்கச் சொன்னார். நின்றாள். தட்டையாகக் கிடந்த பாதத்தின் உள்பக்கம் மெல்ல மேலே எழும்பி, அழகாக ஒரு குழி வந்தது. "பாத்தீங்களா, குழி எங்கயும் போகலை. உடம்புப் பாரம் இறங்கும்போது படுத்துக்கிடுது, அவ்வளவுதான்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் எம்பி நின்று குனிந்து பார்த்தேன். எனக்கும் வந்தது. இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதற்கு வைத்தியமே வேண்டாம் என்றும், இவளைப் போல வலி உள்ளவர்களுக்கு இரண்டு முறைகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடத்துகிறோம் என்றும் டாக்டர் சொன்னார். ஒரு குழுப் பிள்ளைகளுக்குப் பாதத்தை அழுத்தி அச்சு எடுத்து, ஷூவுக்குள் வைக்கிற சோல் செய்து கொடுப்பார்கள். இன்னொரு குழுவுக்குக் கால் தசைக்கான பயிற்சி மட்டும். ஒரு வருஷம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளவு கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை ஒட்டிய கவர்தான் முடிவு செய்யும். டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நாங்களும் முடியாது.

"எது நல்லது டாக்டர்?" என்றேன்.

"அது தெரிஞ்சிருந்தா இந்த ஆய்வே தேவையில்லையே" என்றார்.

நான் அதை நம்பவில்லை. டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அச்சு எடுத்து, வெளியூருக்கு அனுப்பி, செய்து வரவழைக்கிற பொருள் ஒரு பக்கம். வீட்டில் சும்மா காலை மடக்கி நீட்டுவது ஒரு பக்கம். எது மருந்து, எது ஒப்புக்கு என்று எனக்குத் தெரியாதா? ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைக்கென்று தனியாக ஒரு படிவம் இருந்தது. அதை அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'இந்த ஆய்வின்போது வேறு சிகிச்சை செய்துகொண்டால் மறைக்காமல் தெரிவிப்பேன்' என்ற வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்போதுதான் பழகியிருந்த புதுக் கையெழுத்தைப் போட்டாள்.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஏரலிலிருந்து வந்த வாழை இலை வியாபாரி. பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் மகளுக்குப் பதினொரு வயது, இதே வலி. முதலில் அவர்களுடைய கவரைப் பிரித்தார்கள். சோல். பிறகு எங்களுடையது. பயிற்சி.

வெளியே வந்ததும் அவர் என் தோளைத் தட்டினார். "என்ன சார்வாள், மொகம் இப்படி வாடிப் போச்சு? என்ன விழுந்துச்சு உமக்கு?"

"பயிற்சி."

"நல்லதாப் போச்சுல்லா. நமக்குச் சோலு. அதைத் தொடச்சு வைக்க, காய வைக்கன்னு எவன் கெடந்து மாரடிக்க?"

கையில் இருப்பதன் மதிப்புத் தெரியாத ஆள் என்று நினைத்தேன். அதே நேரம், 'இந்த ஆளுக்குப் போய் விழுந்திருக்கே' என்றும் நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

பயிற்சி என்றால் இதுதான். தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டி இழுக்க வேண்டும். கோலிக்குண்டுகளைக் கால் விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செய்தாள். "கோலி பொறக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றாள் என் மனைவி. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கோலி கிண்ணத்தில் விழும்போதும் ஏரலில் ஒரு பிள்ளை சோல் போட்டு நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும்.

வாரத்துக்கு ஒரு பக்கமாக நிரப்ப வேண்டிய குறிப்பு அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, பயிற்சி எத்தனை நாள், வேறு சிகிச்சை ஏதேனும் உண்டா. அவள் பென்சிலால் எழுதினாள். தப்பு வந்தால் திருத்தலாம் என்று நான்தான் பென்சில் கொடுத்தேன். அவள் என்ன எழுதினாள் என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கவரில் வந்ததிலேயே எனக்கு நம்பிக்கை போயிருந்ததால், அந்த எண்களில் எனக்கு அக்கறை இல்லை.

முதல் அளவு முடிந்து இரண்டாவது அளவுக்குப் போனபோது, அந்த ஏரல் பிள்ளை மருத்துவமனை மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தது. என் மகள் கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை இவளைப் பார்த்ததும் நின்று, "அக்கா, நீங்க கோலி எடுப்பீங்களாமே, எனக்கும் காட்டுங்களேன்" என்று கேட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தாவல் மட்டும் கண்ணில் நின்றுவிட்டது. நான்கு மாதச் சோல். அது போதும், இந்தத் தாவலுக்கு.

அளவு எடுக்கிற அறையில் ஒரு விதி உண்டு. அளப்பவருக்கு எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பார்கள். அதனால் எல்லாப் பிள்ளைகளும் ஷூவை வெளியே அலமாரியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். அளவு என்பது எப்படிக் கெடும் என்று நன்றாகத் தெரிந்த தொழில் என்னுடையது. அந்த விதியைக் கேட்டபோது மனதுக்குள் பாராட்டினேன். அந்த விதிதான் எனக்கு வழியும் விட்டது.

நாலாவது மாத அளவு அன்று, இரண்டு பிள்ளைகளும் உள்ளே போனார்கள். ஏரல்காரர் இலை லோடு பற்றி யாரோடோ போனில் பேசிக்கொண்டே கீழே டீக்கடைக்கு இறங்கினார். வராந்தாவில் நான் மட்டும். அலமாரியில் அந்தப் பிள்ளையின் கறுப்பு ஷூ. கையை விட்டு இரண்டு சோலையும் உருவினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் சன்னல் திட்டு ஒன்று இருந்தது. அதில் டிரேசிங் தாளை விரித்து விளிம்பைக் கோடு இழுத்தேன். உள்ளே எங்கெங்கே எவ்வளவு உயரம் என்று வெர்னியரால் ஏழு இடத்தில் அளந்து புள்ளி வைத்தேன். மலைச்சரிவுக்கு உயரக் கோடு போடுவதுபோல அந்த மேட்டைச் சுற்றிக் கோடு போட்டேன். இருபது வருஷத்தில் அத்தனை சுத்தமாக ஒரு படம் நான் வரைந்தது குறைவு. சோலைத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பிள்ளையின் பாதம் என் மகளுடையதைவிடச் சிறியது. அது எனக்கு ஒரு சிக்கலாகவே படவில்லை. சின்ன அளவில் இருக்கிற புலப்படத்தைப் பெரிய அளவுக்கு மாற்றுவது என் தினசரி வேலை. மகளின் பாத நீளத்தை எடுத்துக்கொண்டேன். விகிதம் போட்டேன். நீளம், அகலம், மேட்டின் உயரம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பெருக்கினேன். நிலமாக இருந்தால் அது சரியான கணக்கு.

ரயில் சந்திப்புப் பக்கம், சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்து ரப்பரில் செருப்பு செய்கிறவர் ஒருவர் இருந்தார். படத்தை அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படம் ஜோரா இருக்கு சார். கால் எங்க?"

"எல்லா அளவும் இதுல இருக்கு அண்ணாச்சி."

"அளவு இருக்கு. கால் எங்கன்னு கேக்கேன். பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஒரு தடவ மிதிக்கட்டும், அப்புறம் வெட்டுதேன்."

"பள்ளிக்கூடம் இருக்கு. நீங்க இதுப்படியே வெட்டுங்க."

"உங்க இஷ்டம். நான் காலப் பாக்காம வெட்டுனது இதுதான் மொத தடவ. பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்படாது" என்றார்.

இரண்டு நாளில் தந்தார். மில்லிமீட்டர் பிசகவில்லை. மகளிடம் கொடுத்தேன். "டாக்டர் குடுத்தாங்களாப்பா?" என்றாள். "டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செஞ்சேன்" என்றேன். அவள் ஷூவுக்குள் வைத்து நாலு அடி நடந்து பார்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கி விரிந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கேட்டேன். ஸ்கூட்டரை நிறுத்தியதும் முதல் கேள்வி அதுதான். தினமும் அதே பதில் வந்தது. என் முகத்தை அப்போது நான் பார்த்திருக்க முடியாது. அவள் பார்த்திருக்கிறாள். "நல்லாருக்கு" என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு அந்த மூன்று பிள்ளைகளோடு மறுபடி நடக்கிறாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. நடப்பாள் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாவது அளவுக்குப் போன அன்று காலையில், "இன்னைக்கு அந்தச் சோலு வேண்டாம், அழுக்காயிரும்" என்று சொல்லி இரண்டையும் உருவி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டேன். அவள் வெறும் ஷூவை மாட்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மருத்துவமனையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, குறிப்பு அட்டையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். சும்மா இருக்கிறேனே என்று அட்டையைத் திருப்பினேன்.

முதல் வாரம் வலி ஆறு. அப்புறம் வாரங்கள் போகப் போக ஐந்து, நான்கு. இரண்டாவது அளவுக்கு வந்த வாரம் மூன்று. கோலியும் துண்டும் மட்டும் இருந்த அந்த நான்கு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து படிப்படியாக நான்கு, ஐந்து, ஆறு, கடைசி வாரங்களில் ஏழு. அந்தப் பக்கங்களில் எல்லாம், 'வேறு சிகிச்சை' என்ற இடத்தில், அவளுடைய உருண்டை எழுத்தில் ஒரே வாக்கியம் இருந்தது: 'ஆம். அப்பா செய்து தந்த சோல்.'

வலி ஏழு என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்கு முன் உறைத்தது, டாக்டர் இதைப் படிப்பார் என்பது. பை மடியில் இருந்தது. கை தானாக ரப்பரை எடுத்தது. தேய்ந்த கோட்டை எப்படித் தாள் நோகாமல் எடுப்பது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தை ஒவ்வொரு பக்கமாக அழித்தேன். ரப்பர் துகளை ஊதினேன். எண்களைத் தொடவில்லை. அளவை மாற்ற மாட்டேன் என்று ஒரு வீம்பு அப்போதும் இருந்தது. எல்லைக் கல்லை நகர்த்தியவனைப் பற்றி அலுவலகத்தில் நாங்கள் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும். நான் கல்லைத் தொடவில்லை, பக்கத்தில் எழுதியிருந்ததைத்தான் அழித்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

அளவு முடிந்து, டாக்டரின் அறையில் மகள் மேசைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலுக்குக் கீழே உள்பக்கம் ஒரு சின்ன எலும்பு மேடு உண்டு. டாக்டர் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் அவள் காலைப் பற்றிக் கேட்ட நான் அன்றுதான் அதைப் பார்த்தேன்.

"இது எப்ப இருந்தும்மா? புதுசா ஏதாவது போட்டியா?"

"கார்டுல எழுதிருக்கேன் டாக்டர்."

டாக்டர் அட்டையைப் புரட்டினார். "வலி கூடியிருக்குன்னு இருக்கு. வேற ஒண்ணும் எழுதலையேம்மா."

அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம், அடுத்த பக்கம். பிறகு சுட்டுவிரலால் அந்த வெற்றிடத்தைத் தடவினாள். பென்சில் அழுந்திய பள்ளம் விரலுக்குத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. திகைப்பும் அதிக நேரம் இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளையின் முகம்.

"எழுதணும்னு நெனச்சேன், மறந்துட்டேன் போல டாக்டர்" என்றாள். "ஒண்ணும் போடலை."

அவள் காதுமடல் சிவந்துவிட்டது. படிவத்தை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிள்ளை. எனக்காக அதைச் சொன்னாள். இப்போதும் என்னை உலுக்குவது அந்த வீக்கம் அல்ல, இந்த வாக்கியம்தான்.

நான் எழுந்து, "அவ எழுதிருந்தா டாக்டர். நான்தான் அழிச்சேன்" என்றேன். கீழே போய் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து சோலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். டாக்டர் மகளின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மேடு, குழிக்குள் வராமல், அந்தச் சின்ன எலும்புக்கு நேர் கீழே வந்து முட்டியது.

"இது யார் கால் சார்?" என்றார்.

சொன்னேன். இன்னொரு பிள்ளையின் குதிகால் சாய்வுக்காகச் செய்த சரிவு, இன்னொரு பிள்ளையின் குழிக்கான மேடு, அதை நான் விகிதம் போட்டுப் பெருக்கிய உயரம். எல்லாவற்றையும் சொன்னேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "நீக்க மாட்டோம். நடந்தது நடந்தபடி பதிவாகணும், அவ்வளவுதான். மூணு வாரம் பயிற்சி வேண்டாம், வீக்கம் இறங்கட்டும். அப்புறம் பழையபடி கோலி" என்றார். பிறகு அட்டையை என்னிடம் தள்ளினார். "அழிச்ச இடத்துல எல்லாம் திருப்பி எழுதிருங்க. பேனாவால. பக்கத்துல உங்க கையெழுத்து." உட்கார்ந்து எழுதினேன். என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்பார்கள். அன்று கோடு ஏறி இறங்கியது.

வெளியே வந்தபோது ஏரல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவரிடமும் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, போன தடவ உங்க பிள்ள சோல..."

"சன்னல்ல வச்சு அளந்தீரு. டீக்கடையில இருந்து பாத்தேன்லா" என்றார். "சர்வே ஆபீஸ்காரரு, எதப் பாத்தாலும் அளப்பாரு போலன்னு நெனச்சேன். ஏன் வே, கேட்டிருந்தா கையிலயே குடுத்து விட்டிருப்பேனே. அது வீட்டுல பொட்டிக்குள்ள சும்மாதான கெடக்கு."

"சும்மாவா?"

"பின்ன? பள்ளிக்கூடத்துல செருப்ப வெளிய கழத்தணும். வீட்டுக்குள்ள போட்டா அவ அம்மை வெளக்குமாத்த எடுக்கா. எப்பப் போட, தூக்கத்துலயா? இங்கன வரும்போது மட்டும்தான் அது காலுக்குப் போகுது."

"போன தடவ ரெண்டு ரெண்டு படியா எறங்குனாளே."

அவர் சிரித்தார். "நடக்கப் பழகுனதுல இருந்தே அவ அப்படித்தான். அப்படிக் குதிச்சுக் குதிச்சுத்தான் கால் வலின்னு அழுவா."

அந்தப் பிள்ளை ஓடி வந்தது. கையில் அவர்களுடைய குறிப்பு அட்டை. "யப்பா, உள்ள டாக்டர் சிரிச்சிட்டாங்க. 'சோல் போடவில்லை, அப்பா ஞாபகப்படுத்தவில்லை, அம்மா திட்டுகிறாள்'னு எழுதிருக்கேன்லா, அதுக்கு."

"எழுதுட்டி எழுது. ஊரு பூரா எம் மானத்த வாங்கு."

"நீ ஞாபகப்படுத்தியிருந்தா நான் ஏன் எழுதுதேன்?"

அவர் அதன் தலையில் தட்டினார். அது அவர் முழங்கையைக் கிள்ளியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் அவர் கையில் விழுந்த கவருக்காகப் பொறாமைப்பட்டேன். பிறகு அந்தத் தாவலுக்காக. இரண்டும் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது வந்த பொறாமை அப்படித் தீர்கிறதாக இல்லை. தன் அப்பாவைப் பற்றி உள்ளதை எழுதி, அதை அவரிடமே வாசித்துக் காட்டுகிற பிள்ளை. அவருடைய முகத்தைப் பார்த்து அது எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

இறங்கும்போது மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் ஏறிய பிறகு, "ரொம்ப வலிச்சதா?" என்று கேட்டேன். வண்ணார்பேட்டை தாண்டிப் பாலத்தில் ஏறும்போதுதான், "ஆமாப்பா" என்றாள். அவ்வளவுதான்.

வீக்கம் இறங்கிவிட்டது. ஆய்வு இன்னும் முடியவில்லை. எந்த முறை நல்லது என்று டாக்டருக்கு இன்னமும் தெரியாது. இப்போது நான் அதை நம்புகிறேன். சாயங்காலம் கிண்ணத்தில் கோலி விழுகிற சத்தம் கேட்கும். அடுக்களையில் இருந்தபடி எண்ணுவேன். அருகில் போவதில்லை. போன வாரம் அவள் மேசையில் பென்சில் டப்பாவைத் தேடினேன். அலுவலகத்துக்கு ஒரு பென்சில் வேண்டியிருந்தது. குறிப்பு அட்டை அங்கே இல்லை. பள்ளிக்கூடப் பைக்குள் இருந்தது, அதன் ஜிப் மூடியிருந்தது. நான் திறக்கவில்லை. முந்தின நாள் அவள் எழுதிக்கொண்டிருந்தபோது அறையைக் கடந்து போகும்போது பார்த்தேன். அட்டையை இடது கையால் மறைத்துக்கொண்டு, நீலப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.